சித்தன்னவாசலில் ஒரு ஃபாரினர் டிக்கெட், கறம்பக்குடியில் ஒரு பேனர்

நார்த்தாமலையைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். இந்த முறையும் ஏறவில்லை, மன்னித்துவிடுங்கள். போன தை மாதக் கடைசியில் புதுக்கோட்டைப் பக்கம் போனது உண்மைதான். ஆனால் ஊர் சுற்றப் போகவில்லை. ஒரு பையனைக் கொண்டுபோய் அவன் ஊரில் விடப் போனேன். அவன் ஊர் என்று எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த ஊரை விட்டு அவன் கிளம்பியபோது அவனுக்கு இரண்டரை வயது.

கவின் என்று வைத்துக்கொள்வோம். அது அவன் பெயரில்லை. அவனுடைய அப்பா செல்வராசுவும் நானும் திருச்சியில் ஒரே கல்லூரியில் படித்தோம். அதுவும் உண்மையான பெயரில்லை. செல்வராசு வேலை கிடைத்து, மனைவியோடும் சின்னக் குழந்தையோடும் கலிபோர்னியா போனான். சில வருடத்தில் அந்த கம்பெனியை மூடிவிட்டார்கள், விசாவும் முடிந்தது. திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. அடுத்த வருஷம் சட்டம் மாறிடும், எல்லாம் சரியாகிடும் என்று எனக்கு போனில் சொல்லிக்கொண்டே இருபது வருடத்தை ஓட்டிவிட்டான். அங்கே ஒரு மகளும் பிறந்தாள். அவள் அமெரிக்கக் குடிமகள். ஒரே வீட்டில் ஒரே சட்டிச் சாம்பாரைச் சாப்பிட்டு வளர்ந்த இருவரில் ஒருத்தி அந்த நாட்டுக்காரி, இன்னொருவன் அனுமதியில்லாமல் தங்கியிருப்பவன். கார் பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு நாள் சாலையில் போலீஸ் நிறுத்தியது. அதிலிருந்து அவனைப் பல மாதம் அங்கும் இங்கும் அடைத்து வைத்திருந்து, டெல்லிக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

டெல்லியிலிருந்து யாரோ தெரிந்தவர்கள் ரயில் ஏற்றிவிட்ட பிறகு செல்வராசு என்னைக் கூப்பிட்டான். "நீதான் ஊர் ஊராச் சுத்துறியே, இவனை எங்க ஊர்ல கொண்டுபோய் என் தம்பிகிட்ட விட்டுடு. தம்பியை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னா, வேன் பிடிச்சு முப்பது பேரைக் கூட்டிட்டு மாலையோட வந்து நிப்பான். பையன் அதைத் தாங்கமாட்டான்" என்றான். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களோடு பழகியவர்களுக்கு இது புரியும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் இறங்கினால் ஊரில் பாதிப் பேர் போய்த்தான் கூட்டிவருவார்கள். எனக்கும் அது சரியென்று பட்டது. சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ரயில் திருச்சி ஜங்ஷனுக்குக் காலை ஆறே முக்காலுக்கு வந்தது. கவினை அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. ஆறடி உயரம், கையில் ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு போன், ஒரு பர்ஸ், சுருட்டிய பெல்ட். வேறு சாமான் கிடையாது. ஷூவில் லேஸ் இல்லை. அங்கே அடைத்து வைக்கும்போது லேஸைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம், திருப்பித் தரவில்லை. அதனால் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தான்.

"வாரேன் ஆன்ட்டி, நீங்க அங்கிட்டு நில்லுங்க" என்றான். எனக்கு ஒரு நிமிடம் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அப்பா, அம்மா பேசிய தமிழ். கறம்பக்குடிப் பக்கத்துச் சொற்கள் ஒன்று விடாமல் இருக்கின்றன. உச்சரிப்பு மட்டும் கலிபோர்னியா.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். காரில் நிதானமாகப் போனால் ஒன்றேகால் மணி நேரம். பேருந்துக்குப் பஞ்சமே இல்லை. கீரனூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் தைல மரம், நடுநடுவே பாறை. கவின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். இடையில் ஒரு தடவை மட்டும் பேசினான். விமானத்தில் கையில், இடுப்பில், காலில் விலங்கு போட்டிருந்தார்கள் என்றும், சாப்பிடும்போதும் கழற்றவில்லை என்றும், பக்கத்து சீட்டில் இருந்த பஞ்சாபிப் பெரியவருக்கு ரொட்டியைக் குனிந்து கடிக்க முடியாததால் இவன் பிடித்துக் கொடுத்தான் என்றும் சொன்னான். நான், நார்த்தாமலை அந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். பயணக் கட்டுரை எழுதி எழுதி வந்த புத்தி.

புதுக்கோட்டையில் டிபன் சாப்பிட்டோம். அங்கேதான் அவனுடைய சித்தப்பா கூப்பிட்டார். அவர் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அக்கா, சாப்பிட்டீங்களா? ஒரு மூணு மணிக்கு மேல வாங்கக்கா. இங்கிட்டு கொஞ்சம் வேலை கெடக்கு" என்றார். வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். மணி அப்போது ஒன்பதுகூட ஆகவில்லை.

பையன் குளித்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஒரு அறை எடுத்துக் குளிக்கவைக்கலாம் என்று ஒரு லாட்ஜுக்குப் போனேன். பெயர் வேண்டாம், எந்த லாட்ஜாக இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார்கள். மேசையில் இருந்தவர் என் ஆதாரை வாங்கிக்கொண்டு, "தம்பியோட ஆதாருங்க" என்றார். இல்லை என்றேன். கவின் ஏதோ விளக்க வாயைத் திறந்தான். அந்த உச்சரிப்பைக் கேட்டதும் அவர், "சார் ஃபாரினரா? அப்ப பாஸ்போர்ட்டும் விசாவும் குடுங்க" என்றார். அதுவும் இல்லை. அவனிடம் இருந்தது, இவர் இந்தியர் என்று தூதரகம் கொடுத்த ஒருவழிப் பயணச் சான்றின் ஜெராக்ஸ் மட்டும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு ரூம் போட முடியாதுங்க. இந்தியனா ஃபாரினரா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய கம்ப்யூட்டரில் அந்த இரண்டு கட்டம்தான் இருக்கிறது.

கவின் ஜெராக்ஸை வாங்கி பர்ஸுக்குள் வைத்துக்கொண்டான். வெளியே வந்து கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் ஷூ லேஸ் வாங்கிக் கொடுத்தேன், முப்பது ரூபாய். காரில் உட்கார்ந்து அதைக் கோத்தான். மூன்று மணிவரை என்ன செய்வது? சித்தன்னவாசலுக்கு வண்டியைத் திருப்பினேன்.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் பதினாறு கிலோமீட்டர். முன்பே எழுதியிருக்கிறேன் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பாறையைக் குடைந்த சமணக் கோயில், மேல்கூரையில் தாமரைக்குள ஓவியம். மலையின் இன்னொரு பக்கம் ஏழடிப்பட்டம், அதாவது துறவிகள் படுத்த கல் படுக்கைகள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும், தண்ணீர் எடுத்துப் போங்கள். நான் போன அன்று டிக்கெட் இந்தியர்களுக்கு இருபத்தைந்து ரூபாய், வெளிநாட்டவருக்கு முந்நூறு.

கவுன்டரில் நான் "ரெண்டு" என்று சொல்லிப் பணத்தை நீட்டினேன். பின்னாலிருந்து கவின், "எனக்கு ஃபாரினர் டிக்கெட்" என்றான்.

கவுன்டரில் இருந்தவர் நடுத்தர வயதுக்காரர். இவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி தமிழ்தானே பேசுறீங்க? எந்த ஊரு?"

"கலிபோர்னியா."

"அது சரி. சொந்த ஊரு?"

"கலிபோர்னியாதான்."

"அப்பா, அம்மா?"

"கறம்பக்குடிப் பக்கம்."

"அப்ப இருபத்தஞ்சே போதும் தம்பி. எதுக்கு வீணா முந்நூறு" என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். கவின் என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, ப்ளீஸ். அப்பாகிட்ட சொல்லி ஒங்களுக்குத் தரச் சொல்றேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. முந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு டிக்கெட்டும் இருபத்தைந்து ரூபாய் கொடுத்து ஒரு டிக்கெட்டும் வாங்கினேன். வாழ்க்கையில் நான் செய்த எந்தச் செலவும் எனக்கு இவ்வளவு நியாயமாகப் பட்டதில்லை.

உள்ளே காவலர் வழக்கம்போல, ஓவியத்தைப் போட்டோ எடுக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்றார். கவின் வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றான். குளத்தில் பூப்பறிக்கிறவர்களைக் காட்டினேன். "பாதி ஆளுங்க அழிஞ்சு போயிட்டாங்க" என்றான். டிக்கெட்டை மடித்து, அந்த ஜெராக்ஸோடு சேர்த்து பர்ஸுக்குள் வைத்துக்கொண்டான்.

அவன் பயமெல்லாம் தன்னைப் பற்றி இல்லை என்பது மதியச் சாப்பாட்டின்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறார்கள். இவனைப் பிடித்த பிறகு வீடு மாற்றிவிட்டார்கள், வேலையை மாற்ற முடியவில்லை. வேலைக்குப் போய் வருகிற நேரம் தவிர வெளியே தலைகாட்டுவதில்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அடைத்து வைத்திருந்த அதிகாரிகள் பல மாதம் இவனைக் கேட்டிருக்கிறார்கள், இவன் சொல்லவில்லை. "நான் வாயே தொறக்கலை ஆன்ட்டி" என்றான். அதில் மட்டும் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். சாலை நன்றாக இருக்கிறது. ஆலங்குடி தாண்டினால் மண் செம்மண்ணாகிவிடும். முந்திரி பூத்திருந்தது. கடலை போட்டிருந்தார்கள். கறம்பக்குடியிலிருந்து அவர்கள் ஊர் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பதை மட்டும் சொல்லமாட்டேன். இத்தனை வருடத்தில் இந்த வலைப்பூவில் நான் மறைக்கிற முதல் தூரம் இதுதான்.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் முக்கில் வேட்டுச் சத்தம் கேட்டது. ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பேனர்.

சவுக்குக் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மடங்கு இருக்கும். பின்னணியில் சுதந்திர தேவி சிலை, ஒரு விமானம். நடுவில் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் போட்டுச் சிரிக்கிற கவின். "அமெரிக்கா கண்ட எங்கள் குலக்கொழுந்தே வருக வருக" என்று எழுத்து. கீழே வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்களில் பங்காளிகள், மாமன் மச்சான்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஒன்றரை வயதுக் குழந்தை. வலது பக்கம் சதுரமாக இரண்டு பெரிய படம். ஒன்றில் செல்வராசு, இன்னொன்றில் அவன் மனைவி. இரண்டு பேரும் வேலை செய்கிற பெட்ரோல் பங்கு வாசலில் நிற்கிறார்கள், தலைக்கு மேலே பங்கின் பெயரும் ஊரின் பெயரும் தெளிவாகத் தெரிகின்றன. எப்போதோ பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பிய படமாம்.

டிரம்செட் அடிக்க ஆரம்பித்தார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். எல்லார் கையிலும் போன் உயர்ந்திருந்தது. முருகேசன் மாலையோடு கார்க் கதவுக்கு வந்தார். கவின் இறங்கினான். மாலையைப் பார்க்கவே இல்லை. பேனரைப் பார்த்தான்.

"வீடியோ எடுக்காதீங்க" என்றான். கூச்சப்படுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். "யாரும் எடுக்காதீங்க, ப்ளீஸ்" என்றான். ஒரு பெண், "எப்புடிப் பேசுது பாரு புள்ள" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவன் நேராகப் போய்ச் சவுக்குக் கம்பில் காலை வைத்து ஏறி, பேனரின் மேல் மூலையைப் பிடித்து இழுத்தான். கயிறு அறுந்தது. பேனர் பாதி சரிந்து ஒரு ஓரமாகக் கிழிந்தது.

நம் ஊரில் பேனரைக் கிழிப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இதற்காக அரிவாள் எடுத்த ஊர்களெல்லாம் உண்டு. டிரம்செட் நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒருவர், "எலேய், நாங்க ஒனக்கு வச்ச பேனரை நீயே கிழிக்கிறியா? அமெரிக்கான்னா அம்புட்டுத் திமிரா?" என்று முன்னால் வந்தார். நான் காரைவிட்டு இறங்கிக் குறுக்கே நின்றேன்.

கவின் கம்பிலிருந்து குதித்தான். "நான் லீவுல வரலை" என்றான். "என்னைய அனுப்பிட்டாங்க. கையில விலங்கு போட்டு அனுப்பிட்டாங்க. அப்பா, அம்மா படத்தை அவங்க பாத்தா, அவங்களையும் பிடிச்சுருவாங்க." அவ்வளவுதான் சொன்னான். அந்த ஊர்ப் பேச்சிலேயே சொன்னான். ஒருவரும் அவன் உச்சரிப்புக்குச் சிரிக்கவில்லை.

முருகேசன் மாலையைத் தரையில் வைத்தார். திரும்பி, "எல்லாரும் போனை எடுங்க. எடுத்ததை அழிங்க. என் கண்ணு முன்னால அழிங்க" என்றார். ஒவ்வொருவராகக் காட்டிக் காட்டி அழித்தார்கள். கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் மெதுவாக, "சித்தப்பா, பேனர் படத்தைக் காலையிலயே ஊர் குரூப்புல போட்டாச்சு" என்றாள். அந்த வாட்ஸ்அப் குரூப்பில் சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று உலகம் முழுவதும் இருக்கிற அந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவள் அதை அழித்துவிட்டாள். அழிப்பதற்குள் யார் பார்த்தார்கள், யார் வேறெங்கே அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது முருகேசன் கார்வரை வந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. "ஒங்க அண்ணன் விஷயத்தைச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"எல்லாம் சொன்னாருக்கா."

"தெரிஞ்சேதான் பேனர் வச்சீங்களா?"

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான் குவைத்துலேருந்து வந்தப்ப ராத்திரி கடைசி பஸ்ல வந்தேங்க்கா. அங்க பிடிச்சு அனுப்பிட்டாங்க. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு முக்காடு போடாத குறையா வந்தேன். விடியறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு. கடைசி பஸ்ஸுன்னே எனக்குப் பேரு வச்சாங்க. பொண்ணு குடுக்க ஆளில்லை, ஏழு வருசம். இவனாச்சும் பகல்ல வேட்டுப் போட்டு வந்தா எவனும் எதுவும் கேக்கமாட்டான்னு நெனச்சேன். அந்தப் படத்துல கடை பேரு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. அண்ணனும் அண்ணியும் அழகா நின்னாங்க, அதான் போட்டேன்."

என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. திருச்சிவரை அதை நானே சுமந்துகொண்டு வந்தேன். பின்விளக்குக்காக ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கிற நாட்டின்மேல், இருபது வருடம் சரியாகிடும் என்று சொன்ன செல்வராசுமேல், பிழைக்கப்போய்த் திரும்பியவனுக்குப் பட்டப்பெயர் வைக்கிற ஊர்மேல் எல்லாம் மாறி மாறி வந்தது. முருகேசன்மேல் மட்டும் அதன்பிறகு வரவில்லை.

மாசிக் கடைசியில் மறுபடி போனேன். கவின் சித்தப்பாவோடு கடலைக் கொல்லைக்குப் போகிறான், மோட்டார் போடக் கற்றுக்கொண்டிருக்கிறான். ஆதாருக்குப் போனால், இந்த நாட்டில் ஆறு மாதமாவது இருந்திருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "அங்க இருபது வருசம் பத்தலை. இங்க ஆறு மாசம் பத்தலை" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா, அம்மா பத்திரமாக இருக்கிறார்கள், அதாவது அன்றைக்குவரை. தினமும் அவர்கள் வேலை முடிந்து வீடு போய்ச் சேர்ந்ததும் தங்கை ஒரு வார்த்தை அனுப்புவாள். அது வரும்வரை இவன் சாப்பிடுவதில்லை. அதற்கிடையில், திருப்பி அனுப்பப்பட்ட இளைஞரின் கண்ணீர்ப் பேட்டி என்று மைக்கும் கையுமாக இரண்டு யூடியூப்காரர்கள் வந்திருக்கிறார்கள். கவின் முந்திரிக் காட்டுக்குள் ஓடிவிட்டான். முருகேசன் அவர்களிடம், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதன்பிறகுதான் கவின் என்னிடம், "நீங்க எழுதுங்க ஆன்ட்டி. யாரும் வர வேண்டாம்னு எழுதுங்க" என்றான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

இனி வழக்கமான தகவல்கள். திருச்சியிலிருந்து ஒரே நாளில் சித்தன்னவாசல், புதுக்கோட்டை அருங்காட்சியகம், ஆலங்குடி, கறம்பக்குடி போய்த் திரும்பலாம். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். புதுக்கோட்டையிலிருந்து கறம்பக்குடிக்கு அடிக்கடி பேருந்து உண்டு. காரில் போய்வர எனக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் ஆனது. வழியில் கடலையும் முந்திரியும் வாங்குங்கள், மலிவாகக் கிடைக்கும். தங்குவதாக இருந்தால் ஆதாரை மறக்காதீர்கள். அது இல்லாதவரைக் கூட்டிப்போவதாக இருந்தால், முதலில் அவருக்குக் குளிக்க ஒரு வீடு பார்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஃப்ளெக்ஸை யாரும் எறிவதில்லை. முருகேசன் அந்தப் பேனரிலிருந்து அண்ணன், அண்ணி படத்தைப் பிளேடால் சதுரமாக வெட்டி எரித்துவிட்டு, மீதியை ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார். கறம்பக்குடிப் பக்கம் போகிறவர்கள் எங்காவது ஒரு கொட்டகையின்மேல் பட்டமளிப்பு அங்கி போட்ட ஒரு பையன் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் சதுரமாக இரண்டு ஓட்டை இருக்கும். வண்டியை நிறுத்தாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். அந்த இரண்டு ஓட்டையில் இருந்தவர்கள் நாளைக்கும் வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பவேண்டும்.